பூஜ்ஜியத்தில் யார் உட்காருவது

ஃபோனில் பேசுகிற குரலே இவளுக்கு இல்லை என்று சொல்லித்தான் முதலில் அவளுக்கு வேலை தர மறுத்தார்களாம். குரல் கரகரவென்று இருக்கும், தொண்டைக்குள் யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி. டெலிஃபோன் ஆபரேட்டர் என்றால் பேச்சில் தேன் சொட்ட வேண்டும் என்று அந்தக் காலத்து நிர்வாகிகளுக்கு ஒரு நினைப்பு. ஆனால் அந்த வாரம் வேறு யாரும் வேலை கேட்டு வரவில்லை. ஆஸ்பத்திரியின் ஃபோன் பலகையில் விளக்குகள் கேட்பாரற்று எரிந்துகொண்டிருந்தன. சரி, வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் உட்காரட்டும் என்று உட்கார வைத்தார்கள். அப்படி உட்கார்ந்தவள் பதினாறு வருஷம் எழுந்திருக்கவில்லை.

நான் அவளுக்குப் பக்கத்து நாற்காலி. அவளைக் கரகரக்கா என்று கூப்பிடுவேன். என்னை அவள் வாயாடி என்பாள். இரண்டும் பொருத்தமான பெயர்கள் என்பதால் யாரும் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்கிறவர்கள் யார்? பாதிப் பேர் பதறிப்போய் இருப்பவர்கள். அவர்களிடம் போய்த் தேன் குரலில் ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்றால் எரிச்சல்தான் வரும். கரகரக்கா அப்படிப் பேச மாட்டாள். “இருங்க, வெச்சிடாதீங்க, நான் லைன்லயேதான் இருக்கேன்” என்பாள். வீட்டு ஆள் ஒருத்தி பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும். குணமாகிக் கிளம்புகிறவர்களில் சிலர் எங்கள் அறையைத் தேடிக்கொண்டு வந்து எட்டிப் பார்ப்பார்கள். “அந்தத் தொண்டை கட்டினவங்க யாரும்மா?” என்று கேட்பார்கள். நான் கை காட்டுவேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு ஃபோன் பலகையின் கயிறு ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

அந்த அறை மாடிப்படிக்கு அடியில், எக்ஸ்ரே அறைக்கும் துணி அலமாரிகளுக்கும் நடுவில் இருந்தது. ஒரே ஒரு ஜன்னல், அதற்கு வெளியே ஆம்புலன்ஸ் நிற்கிற முற்றம். சுவரை அடைத்துக்கொண்டு பெரிய மரப்பலகை. அதில் வரிசை வரிசையாக நாற்பது துளைகள், ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் பொட்டு மாதிரி ஒரு விளக்கு. ஒன்று விசாரணை, ஏழு குழந்தை வார்டு, பன்னிரண்டு ஆபரேஷன் தியேட்டர், நாற்பது பிணவறை. யாராவது ஃபோனைக் கையில் எடுத்தால் அந்தத் துளையின் விளக்கு எரியும். மேஜையிலிருந்து பித்தளை முனை வைத்த கயிறு ஒன்றை உருவி அதில் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, அதன் ஜோடிக் கயிற்றை அவர்கள் கேட்ட துளையில் செருகினால் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். அவ்வளவுதான் வேலை. விரலில் ஏறிய பித்தளை வாசனை வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டாலும் போகாது. அந்த வாசனைக்கு இன்றைக்கும் ஏங்குகிறேன் என்று சொன்னால் இப்போதுள்ளவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்.

எங்கள் வேலையில் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேற்கொண்டு புரியாது. பலகையில் எனக்கும் அவளுக்கும் தனித்தனிப் பகுதி, ஆனால் லைன்கள் அதே நாற்பதுதான். நான் குழந்தை வார்டை யாருடனாவது இணைத்து வைத்திருக்கும்போது அவளும் அதில் கயிற்றைச் செருகினால் பேச்சு குழம்பிவிடும். அதனால் செருகுவதற்கு முன்னால் பித்தளை நுனியால் துளையின் விளிம்பை லேசாகத் தட்டிப் பார்ப்போம். லைனில் யாராவது இருந்தால் காதில் ‘டிக்’ என்று கேட்கும். கேட்காவிட்டால் செருகலாம்.

இன்னொன்று, நாற்பது துளைகளுக்கும் முன்னால் தனியாக ஒரு துளை உண்டு. அதற்குப் பூஜ்ஜியம் என்று எண். அது எங்களுடையது. எங்கள் மேஜையில் இருந்த கறுப்பு ஃபோனுக்குப் போகிற லைன். ஆபரேட்டரோடேயே பேச வேண்டும் என்றால் பூஜ்ஜியம். பெரிய டாக்டரே ஆனாலும் அதில் வேறு யாரையும் செருக மாட்டோம். கரகரக்காவின் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டால்கூட அந்த விளக்குதான் எரியும்.

மகளைப் பற்றிச் சொல்லவில்லையே. இவ்வளவு பேருக்கு வாயால் ஆறுதல் சொன்னவளின் மகளுக்குக் காது கேட்காது. பிறவியிலேயே அப்படி. ஆறு வயது வரைக்கும் அந்தக் குழந்தைக்கு எந்த வார்த்தையும் கிடையாது, வேண்டியதைக் கேட்க முடியாமல் தரையில் தலையை முட்டிக்கொண்டு அழும். பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். காது கேட்காத பிள்ளைகளுக்கென்று அந்த வட்டாரத்தில் இருந்த ஒரே பள்ளிக்கூடம். தங்கிப் படிக்கிற வசதி கிடையாது. அங்கே போன பிறகு கையால் பேசக் கற்றுக்கொண்டாள், எழுதக் கற்றுக்கொண்டாள், எதிரில் இருப்பவர்கள் உதடு அசைவதைப் பார்த்து என்ன பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டாள். பத்து வயதில் என்னையே கேலி செய்கிற அளவுக்கு வந்துவிட்டாள். நான் பேசும்போது தன் கையை வாய்க்கு முன்னால் வைத்துப் படபடவென்று தட்டிக் காட்டுவாள். சரியான வாயாடிக் குட்டி.

ஒரு நாள் நிர்வாகி எங்கள் அறைக்கு வந்தார். அந்தப் பக்கமே வராத மனுஷன். நாற்காலி போட்டோம், உட்காரவில்லை.

“புது மெஷின் வருது. அதுவே லைன் போட்டுக்கும், ஆள் வேண்டாம்” என்றார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக, “யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டோம். கம்ப்யூட்டர் படிக்க வெக்கிறோம், எங்க செலவுல. சி-ன்னு ஒரு பாஷையாம். பரீட்சையில பாஸ் பண்ணா இங்கேயே கம்ப்யூட்டர் பிரிவுல உட்காரலாம்” என்று சொல்லி முடித்தார்.

“பாஸ் பண்ணலைன்னா சார்?” என்று கேட்டாள் கரகரக்கா.

“நம்ம கிளை ஆஸ்பத்திரியில இன்னும் பழைய பலகைதான் இருக்கு. அங்கே மாத்திடுவோம்.”

கிளை ஆஸ்பத்திரி இருப்பது ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போகிற தூரத்தில். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கல்யாணம் ஆகாதவள், அந்த ஊரில் அண்ணன் குடும்பம் இருந்தது. கரகரக்காவின் கதை வேறு. அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கிற நாள்தான் குறைவு. மகளை விட்டுவிட்டுப் போக முடியாது. கூட்டிக்கொண்டு போனால் அங்கே அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நிர்வாகி போன பிறகு ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அந்தப் பள்ளிக்கூடம் இல்லைன்னா அவ மறுபடியும் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்துடுவாடி. நான் பாஸ் பண்ணியே ஆகணும்” என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவளுக்கு இது தெரியவே கூடாது. அவ முன்னாடி வாயே திறக்காதே. உன் வாயை அவ நல்லாப் படிப்பா” என்றாள்.

பயிற்சி நிலையம் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும், கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று எழுதிப் போட்டிருந்தார்கள். கீழே டயர் கடைக்காரர் நாள் முழுக்கக் கிளப்புகிற தூசி மட்டும் ஆகும் போல. உள்ளே ஏசி குளிர் எலும்பில் போய் உட்காரும். கரகரக்கா காதைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு உட்காருவாள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. சுற்றிலும் கல்லூரிப் பிள்ளைகள். எங்களை யாரோ ஒரு மாணவியின் அம்மாவும் சித்தியும் என்று நினைத்து, “ஆபீஸ் ரூம் அந்தப் பக்கம்மா” என்று ஒரு பெண் முதல் நாள் வழி காட்டினாள். போகிறபோக்கில் அவளை நான் ஒரு முறை முறைத்தேன்.

பாடம் நடத்திய பையனுக்குச் செமிகோலன் என்று பெயர் வைத்தேன். எந்த மேஜைக்கு வந்தாலும் அவன் கேட்கிற முதல் கேள்வி “செமிகோலன் எங்கே?” என்பதுதான். அந்தப் பாஷையில் வரி முடிகிற இடத்தில் வைக்க வேண்டிய குறி அது. ஆளும் ஒல்லியாக, மேலே உருண்டைத் தலையும் கீழே கொஞ்சம் வளைவுமாக அப்படியேதான் இருப்பான். ஆனால் தங்கமான பையன். எவ்வளவு அபத்தமாகக் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

“உங்க வேலையில இருந்தே ஒண்ணு எடுத்து எழுதுங்க, சீக்கிரம் புரியும்” என்று அவன்தான் சொன்னான். கரகரக்கா எங்கள் பலகையை எடுத்துக்கொண்டாள். நாற்பது லைனுக்கும் வரிசையாக நாற்பது பெட்டி. அப்படி வரிசையாகப் போட்ட பெட்டிகளுக்கு அரே என்று பெயர். யாராவது பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பெட்டியில் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்ஜியம். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து, ஒன்று இருந்தால் ‘பிஸி’ என்று திரையில் காட்ட வேண்டும். சின்ன வேலைதான். அதற்குள் அவள் பட்ட பாடு!

முதலில் ‘இஃப்’ என்று போட்டுக் கேள்வியை எழுதி, அந்த வரியின் கடைசியில் ஒரு செமிகோலனையும் வைத்தாள். எல்லா வரிக்கும் வை வை என்று உயிரை எடுத்தானே, இதற்கு மட்டும் ஏன் விட வேண்டும் என்பது அவள் நியாயம். ஓட்டிப் பார்த்தால் நாற்பது லைனும் பிஸி. செமிகோலன் வந்து பார்த்தான்.

“அக்கா, கேள்வியைக் கேட்டுட்டு, பதில் வர்றதுக்குள்ள ஃபோனை வெச்சிட்டீங்க. கேள்வி அங்கேயே முடிஞ்சிடுச்சு. அடுத்த வரி தன்பாட்டுக்கு ஓடுது” என்றான். இது அவளுக்கு உடனே பிடிபட்டது. எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். மறுபடியும் நாற்பதும் பிஸி.

“பிணவறை வரைக்கும் பேசிக்கிட்டு இருக்காங்கக்கா!” என்றேன் நான். பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். கரகரக்கா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

திரையில் இப்படி இருந்தது:

if (a[i] = 1)

“ஒரே ஒரு சமக்குறி போட்டிருக்கீங்க. அது கேள்வி இல்லக்கா, கட்டளை. பெட்டியில ஒண்ணை வெச்சிடுன்னு அர்த்தம். ரெண்டு சமக்குறி போட்டாதான், ஒண்ணு இருக்கான்னு கேக்குறதா அர்த்தம்” என்றான் செமிகோலன். தலையாட்டினாள், திருத்தினாள். மறுநாள் அதே தப்பு. அதற்கு மறுநாளும் அதே. சமம் என்றால் சமம்தானே, அதில் என்ன ஒன்று, இரண்டு என்று எரிந்து விழுந்தாள். நானும் அதே தப்பைத்தான் செய்தேன், ஆனால் எனக்கு எதுவும் பற்றி எரியவில்லை. அவளுக்கோ ஒவ்வொரு தப்பும் அந்த ரயிலில் ஒரு பெட்டியை ஏற்றி வைத்த மாதிரி இருந்தது.

ஒரு நாள் காலை, பலகையில் குழந்தை வார்டுக்கு ஒரு அழைப்பு வந்தது. அவள் வழக்கம்போல நுனியால் தட்டினாள். கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

“ஏய் வாயாடி. நான் இப்ப செருகிட்டேனா?”

“இல்லக்கா, தட்டித்தானே பாத்தே.”

“அதான்டி! அங்கே நான் தட்டிப் பாக்கவே இல்ல. நேரா செருகிடறேன். செருகிட்டு, அய்யய்யோ லைன் பிஸின்னு நானே கத்திக்கிட்டு இருக்கேன். செருகினா பிஸி ஆகாம வேற என்ன ஆகும்?”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. லைனில் காத்திருந்தவர் “ஹலோ, ஹலோ, என்னம்மா சிரிப்பு?” என்று கேட்டார். அன்றைக்குப் பிறகு அந்தத் தப்பை அவள் செய்ததே இல்லை. இஃப் எழுதும்போதெல்லாம் நகத்தால் மேஜையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, இரண்டு சமக்குறி போடுவாள்.

அடுத்தது அரே. அங்கேதான் மாட்டிக்கொண்டாள். அது புரியாமல் வந்த வினை இல்லை, வீம்பு.

“முதல் பெட்டிக்கு நம்பர் பூஜ்ஜியம். கடைசிப் பெட்டி முப்பத்தொன்பது” என்றான் செமிகோலன்.

“அதெப்படி தம்பி? பூஜ்ஜியம் எங்களோடது. அதுல வார்டைப் போட முடியாது.”

அவள் ஜோக் அடிக்கிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான். “கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியாதுக்கா.”

“எனக்குத் தெரியும்ல?”

ஒன்றிலிருந்து நாற்பது வரைக்கும்தான் எழுதினாள். முதலில் எல்லாப் பெட்டியிலும் பூஜ்ஜியம் போட்டுக் காலி செய்வதாக ஒரு லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற சுற்று. ஓட்டினாள். கம்ப்யூட்டர் கல் மாதிரி நின்றுவிட்டது. எதைத் தட்டினாலும் அசையவில்லை. அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி ஓட்டினாள், மறுபடி கல். பக்கத்துக் கம்ப்யூட்டரில் புதிதாக அடித்துப் பார்த்தால் அதே புரோகிராம் சமர்த்தாக ஓடியது. இவளுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

செமிகோலன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். கண்ணாடியைத் துடைத்தான். பிறகு ஒரு தாளில் கட்டம் கட்டமாக வரைந்து காட்டினான்.

“பூஜ்ஜியத்துல ஆரம்பிச்சு முப்பத்தொன்பது வரைக்கும்தான் உங்க பெட்டி. நாற்பதுன்னு நீங்க நினைக்கிறது உங்க வேலிக்கு வெளியே. இங்கே அந்த இடத்துல யாரு குடியிருக்கான் தெரியுமா? எத்தனையாவது பெட்டின்னு எண்ணிக்கிட்டு வர்ற அந்த ‘ஐ’. நீங்க போய் அதுல பூஜ்ஜியத்தைப் போட்டுட்டீங்க. பாவம், அது மறந்துபோய் மறுபடியும் முதல்ல இருந்து எண்ணுது. ராத்திரி பகலா எண்ணிக்கிட்டே இருக்கும். அந்தக் கம்ப்யூட்டர்ல அரே, ஐ-ங்கிற பேர்களை வேற வரிசையில எழுதியிருக்கீங்க, அதனால அடி வேற யாருக்கோ விழுந்திருக்கு, வெளியே தெரியல.”

“பிணவறை லைன்ல கை வெச்சா இப்படித்தான்” என்றேன். இந்தத் தடவை கரகரக்காவும் சிரித்துவிட்டாள்.

ஆனால் திருத்தவில்லை. நாற்பது என்று இருந்த அரேயை நாற்பத்தொன்று என்று மாற்றினாள். பூஜ்ஜியத்தைக் காலியாகவே விட்டாள். புரோகிராம் ஓடியது, விடையும் சரி. செமிகோலன் கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தான்.

“தப்புன்னு சொல்ல மாட்டேன்க்கா. நிறையப் பேர் இப்படி எழுதுறாங்க. ஆனா பரீட்சையில அரேயை அவங்களே கொடுத்துடுவாங்க. அதைத் தொட விட மாட்டாங்க. முதல் ஆள் பூஜ்ஜியத்துலதான் உட்கார்ந்திருப்பான். ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சீங்கன்னா அவனை விட்டுடுவீங்க, கடைசியில வேலி தாண்டிடுவீங்க. பழகிக்கோங்க, ப்ளீஸ்.”

“அப்ப பாத்துக்கலாம் தம்பி” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேஜைதான் அவள் படிக்கிற இடம். கம்ப்யூட்டர் வீட்டில் ஏது, எல்லாம் தாளில் பென்சிலால் எழுதிப் பார்ப்பதுதான். எதிர்ப்பக்கம் மகள் படம் வரைந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். தாளை எட்டிப் பார்த்தேன். அதே ஒன்று முதல் நாற்பது. கரகரக்காவை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

“யாருக்காக இந்தப் பிடிவாதம்? உள்ளே உக்காந்து கிளி வரையுறாளே, அவ ஞாபகம் இருக்கா உனக்கு? ஒரு சைபர். ஒரே ஒரு சைபர். அதைப் போட்டா என்ன கொறைஞ்சு போயிடுவே?”

அவள் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எனக்குத் தெரியாம இல்லடி. கை வரமாட்டேங்குது. பலகையை எடுத்துட்டுப் போறாங்க, போகட்டும், அதை நம்மால தடுக்க முடியாது. ஆனா அந்த இடத்துல வேற ஆளை என் கையாலேயே உக்கார வெக்கணுமா? பதினாறு வருஷம். எத்தனை பேர் அழுதுக்கிட்டு என்னைக் கூப்பிட்டிருக்காங்க அதுல.”

உள்ளே வந்து மூன்று பேரும் டீ குடித்தோம். மகள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வரைந்த கிளியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

பரீட்சை அன்று டயர் கடைக்கு மேல் பல்லி கத்தினால் கேட்கும். கேள்வி எங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு ஓட்டல், நாற்பது அறை. எந்தெந்த அறையில் ஆள் இருக்கிறது என்று அரே நிரப்பித் தந்துவிட்டார்கள், அதைத் தொடக் கூடாது. ஆள் இருக்கிற அறைகளின் எண்ணையும், மொத்தம் எத்தனை என்பதையும் காட்ட வேண்டும். நான் ஏதோ அடித்தேன், ஏதோ வந்தது, எழுந்து போக மணி அடிக்கக் காத்திருந்தேன். கரகரக்கா எனக்கு அடுத்த வரிசை. அவள் திரை எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒன்றில்தான் ஆரம்பித்திருந்தாள், பாவி. முதல் அறைக்காரன் கணக்கிலேயே வரவில்லை. கடைசியில், வேலிக்கு வெளியே இருந்த ஏதோ ஒரு குப்பை, ஆள் இருக்கிற அறையாக வந்திருந்தது.

தட்டச்சுப் பலகையில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. மேற்பார்வை பார்த்த அம்மா “இன்னும் கொஞ்ச நேரம்தான்” என்றார். எனக்கு எழுந்து போய் அவள் முதுகில் ஒன்று வைக்கலாமா என்று இருந்தது. அவள் கை மெதுவாக மேலே போய், ஹெட்செட் இருக்கிற இடத்தில், காதோரம் தொட்டுப் பார்த்தது. பிறகு கீழே வந்தது. ஒன்றை அழித்தாள். பூஜ்ஜியம் போட்டாள். நாற்பதுக்குக் கீழே வரை என்று மாற்றினாள். அறை எண்ணைக் காட்டும் இடத்தில், ‘ஐ’-யோடு ஒன்றைக் கூட்டினாள். ஓட்டினாள். முதல் அறை வந்தது, கடைசி அறை வந்தது, மொத்தமும் சரியாக வந்தது.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அவளுக்கு வார் கண்ணில் தெரியவில்லை, அவ்வளவு கண்ணீர்.

“உக்கார வெச்சிட்டேன்டி.”

“யாரைக்கா?”

“ஒண்ணாம் நம்பர் ரூம்காரனை. நம்ம இடத்துல.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நானும் அழுதுவிட்டேன். எவனோ ஓட்டல் அறைக்காரனுக்காக இரண்டு பொம்பளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்து, டயர் கடைக்காரர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். யார் செத்துப்போனது என்று கேட்காமல் இருந்தது அவருடைய நல்ல மனசு.

அடுத்த வாரம் முடிவு வந்தது. கரகரக்கா பாஸ். நான் ஃபெயில், அதுவும் ஐயந்திரிபற ஃபெயில். அதற்கப்புறம் அவள் அந்தக் கம்ப்யூட்டர் பிரிவிலேயே இருந்து, தலை நரைத்து, புதுப் பிள்ளைகளின் புரோகிராம்களை எல்லாம் சரி பார்த்துக் கொடுத்து, மாலை போட்டு வழியனுப்புகிற நாள் வரைக்கும் அங்கேயே வேலை செய்தாள். நான் ரயிலேறினேன், கிளை ஆஸ்பத்திரியின் பலகை முன்னால் இன்னும் சில வருஷம் உட்கார்ந்தேன், பிறகு அதையும் எடுத்துப் போனார்கள். அந்த நாட்களை நினைக்கும்போது எனக்கு முன்னால் வந்து நிற்பது முடிவு தெரிந்த அந்தச் சாயங்காலம்தான்.

நானும் அவளும் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அங்கே மணி அடிப்பதில்லை. வகுப்பு முடிந்தால் எல்லா அறைகளிலும் விளக்கு அணைந்து அணைந்து எரியும். பிள்ளைகள் கையாலேயே சண்டை போட்டுக்கொண்டு, கையாலேயே சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மகள் எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள், அம்மா அந்த நேரத்தில் வருவது வழக்கமில்லையே. கரகரக்கா குனிந்து, மகளின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, கையாலும் உதட்டாலும் ஒரு நல்ல செய்தி என்று சொல்ல ஆரம்பித்தாள்.

மகள் அவளை முடிக்க விடவில்லை. பிஞ்சு விரல்களால் என்னவோ கேட்டாள். கரகரக்கா என் பக்கம் திரும்பினாள்.

“என்னக்கா கேக்குறா?”

“பாஸா-ன்னு கேக்குறாடி.”

யார் சொன்னது உனக்கு என்று கரகரக்கா கையால் கேட்டாள். மகள் தன் விரலை நீட்டி அம்மாவின் உதட்டைத் தொட்டாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. அந்தச் சமையலறை மேஜை. தாளில் எழுதும்போது தனக்குத்தானே முணுமுணுக்காமல் கரகரக்காவால் ஒரு வரி எழுத முடியாது. இது வரலைன்னா ஊரை விட்டுப் போகணும், இது வரலைன்னா இவ பள்ளிக்கூடம் போச்சு, கடவுளே இது வரணும் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதுவாள். சத்தமே வராத முணுமுணுப்பு. என் வாய்க்குப் பூட்டுப் போட்டவள், சத்தம் இல்லாவிட்டால் யாருக்கும் கேட்காது என்று நினைத்துவிட்டாள். எதிரில் உட்கார்ந்திருந்தவளுக்குச் சத்தம் எதற்கு?

பாஸ் என்று தலையாட்டினாள் கரகரக்கா. மகள் பையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே திரும்ப ஓடினாள். எதற்கு ஓடுகிறாள் என்று புரியாமல் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து வந்தாள், கையில் ஜியாமெட்ரி பாக்ஸ், ஸ்கேல், ஒரு பழைய கதைப் புத்தகம். ஊரை விட்டுப் போகப் போகிறோமே என்று ஒவ்வொன்றாகச் சிநேகிதிகளுக்குக் கொடுத்து வைத்திருந்தாளாம். எல்லாவற்றையும் திரும்ப வாங்கி வந்துவிட்டாள். கலர் பென்சில் டப்பாவை மட்டும் ஒருத்தி தர மாட்டேன் என்றுவிட்டாளாம், கொடுத்தது கொடுத்ததுதான் என்று. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அம்மாவிடம் புகார் சொன்னாள்.

“இவளுக்குத் தெரியக் கூடாது, தெரியக் கூடாதுன்னு நான் இருந்தேன்” என்றாள் கரகரக்கா. குரல் இருந்த கொஞ்சமும் போய்க் காற்றாகத்தான் வந்தது. “தனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியக் கூடாதுன்னு இவ இருந்திருக்காடி. நான் படிக்கணும்னு. கிளியைக் காட்டிச் சிரிச்சாளே, பாத்தியா.”

மகள் நடுவில் நடந்தாள், ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்துக்கொண்டோம். தெருமுனைக் கடையில் நின்றோம். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். ஊரில் பாதிப் பேருக்குக் குரலால் தெரிந்தவள், வாயைத் திறந்து பார்த்துவிட்டு, முடியாமல், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கலர் பென்சில் டப்பாவைக் கையால் சுட்டிக் காட்டினாள்.